ஐ.சி.யை மாற்றுவதற்கு முன்னால்: வீட்டு ஆம்ப்ளிஃபயர் பழுதுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்து வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்களில் நிறைய, உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்தவை. ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயருக்கு இருபுறமும் 12 வோல்ட் தருவது), சத்தத்தைப் பெருக்கும் டிடிஏ 2030 என்ற ஐ.சி. (சிப்) வைத்த போர்டு, முன்பக்கம் ஒரு புளூடூத் பேனல். சத்தம் நின்றதும் ஐ.சி.யைக் கழற்றிப் புதுசு போட்டுவிடுகிறார்கள். புதுசும் சில நாளில் போய்விடும். போகிற போக்கில் ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். ஐ.சி.யை எரித்தது எது என்று தெரியாமல் சால்டரிங் அயனைச் சூடாக்காதீர்கள்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கையே உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட பிளையரால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு காலிலும் நான்கைந்து விநாடி வைத்தால் இறங்கிவிடும். மீட்டரில் பூஜ்ஜியம் வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள். 230 வோல்ட் வரும் பக்கத்தில் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பியூஸ் போன செட்டைப் புது பியூஸ் போட்டதும் நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது கரன்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, போட்டுக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால், பிளக்கை உருவி, டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்களை (போர்டுக்குப் போகும் 12 வோல்ட் பக்கம்) கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. மங்கினால் பழுது டயோடிலோ போர்டிலோ இருக்கிறது. 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் முழுப் பளுவிலும் மெயின்ஸில் இழுப்பது ஏறக்குறைய 0.3 ஆம்பியர்தான். அதற்கு 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ-புளோ (நொடிநேர ஏற்றத்தைத் தாங்கும்) பியூஸ் போதும். பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது வீட்டுக்கே ஆபத்து.

ஐ.சி. திரும்பத் திரும்ப எரிவதற்கு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, ராத்திரி வோல்டேஜ். டிடிஏ 2030 தாங்குவது பிளஸ் 18, மைனஸ் 18 வோல்ட் வரைதான். மெயின்ஸ் 230 இருக்கும்போது 12 வோல்ட் ஏசி, டிசியாகும்போது 1.4 மடங்காகி, டயோடு தின்றது போக 16 சொச்சம் வரும். ஊர் அடங்கிய நேரத்தில் மெயின்ஸ் 250க்கு ஏறுகிற இடங்கள் உண்டு. அப்போது அதே கணக்கு 17.7 ஆகிறது. பளு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தரும் என்பதால் 18 தாண்டிவிடும். பாட்டே போடாமல் ஆன் செய்து வைத்த செட் விடிவதற்குள் செத்துக் கிடப்பது இப்படித்தான். 22 வோல்ட் தாங்கும் டிடிஏ 2030ஏ போடலாம், அல்லது 9-0-9 டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறலாம்; சத்தம் கொஞ்சம்தான் குறையும். கையோடு கெப்பாசிட்டரையும் பாருங்கள்: 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். 16 வோல்ட் போட்டிருந்தால் தலை உப்பியிருக்கும்.

இரண்டாவது, மைக்கா: ஐ.சி.க்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை இறக்கும் உலோகப் பாகம்) நடுவில் வைக்கும், மின்சாரம் கடத்தாத தாள். இந்த ஐ.சி.யின் முதுகுத் தகடு உள்ளுக்குள் மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. ஹீட்சிங்க் பெட்டியோடு முறுக்கப்பட்டு, பெட்டி கிரவுண்டில் இருந்தால் நடுவில் மைக்கா தாளும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம் வேண்டும். ஐ.சி. மாற்றும்போது பழைய மைக்கா ஓரத்தில் கிழிந்திருப்பது கண்ணில் படாது. மாட்டிய பிறகு, பிளக் உருவியபடியே, மீட்டரை பீப்பில் (தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையைத் தகட்டிலும் மற்றதைச் சுரண்டிய ஹீட்சிங்க்கிலும் தொடுங்கள். பீப் வரக் கூடாது. வெள்ளை பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். அப்பினால் சூடு இறங்காது.

ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி பார்க்க மறக்கவே வேண்டாம். பிளஸ்-மைனஸ் சப்ளை போர்டில் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்துப் பதினைந்து வோல்ட் காட்டினால், அது ஸ்பீக்கர் காயிலைக் கருக்கப்போகிற டிசி. ஸ்பீக்கரையும் ஓம் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும், 4 ஓம் 3 சொச்சம் காட்டும். 4 ஓம் இரண்டைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம் ஆகி, ஐ.சி. கொதித்து நின்று நின்று பாடும்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் பவர் சப்ளை, பெரும்பாலும் கெப்பாசிட்டர். குறைந்துவிட்டால் இன்புட் ஒயரின் ஷீல்டு விட்டிருக்கும், அல்லது செட்டாப் பாக்ஸ் வழி வருகிறது. டிஷ் கேபிளைக் கழற்றியதும் அடங்கினால் கிரவுண்டு லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்ந்து வரும் இரைச்சல். ஆடியோ ஒயரில் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பை அறுத்துப் பாட்டை மட்டும் கடத்துவது) ஒன்று போட்டால் தீரும். இதற்காக எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் லீக் ஆகிற அன்று பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக்.

வால்யூம் கரகரத்தால் எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தரம் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும்.

ஒரு பக்கம் மட்டும் பாடினால் இன்புட் ஒயர்களை இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை.

குளச்சல், தேங்காப்பட்டணம் கடலோரத்தில் உப்புக் காற்று ஆர்சிஏ சாக்கெட்டில் (ஆடியோ ஒயர் சொருகும் வட்டத் துளை) பச்சைக் களிம்பை ஏற்றும். ஆனி, ஆடி மழையில் பல நாள் மூடிக் கிடக்கும் செட்டின் உள்ளேயும் ஈரம் ஏறும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூட்டுக்கு எறும்பும் பல்லியும் அடையும், காற்றுத் துளையில் கொசு வலை ஒட்டலாம்.

ஐப்பசி மாதத்து மாலை இடிக்கு மெயின்ஸ் பிளக்கை மட்டும் உருவுகிறோம். டிஷ் ஒயர் செட்டாப் பாக்ஸிலும், அங்கிருந்து ஆடியோ ஒயர் ஆம்ப்ளிஃபயரிலும் சொருகியே கிடக்கும். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். வானம் கறுக்கும்போதே மூன்றையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு ஒயரைத் தொடாதீர்கள்.