அலறலுக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் என்ற இசைவகையின் இரண்டு குழுக்களை ஒரே குறுந்தகட்டில் கேட்ட வாசகர் ஒருவர், "இரு பாடகர்களும் அலறுகிறார்கள், அலறலில் சுரமே இல்லை, ஆனாலும் குழு மாறியதும் குரல் வேறென்று உடனே தெரிகிறதே, எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது, ஆஸ்திரேலியாவின் பைரன் பே ஊரைச் சேர்ந்த பார்க்வே டிரைவும் அடிலெய்டு நகரின் ஐ கில்டு த ப்ராம் குயீனும் 2003இல் சேர்ந்து வெளியிட்ட தகடு. ஒவ்வொரு குழுவும் தன் பாடல்களைத் தனித்தனியே தந்து, ஒரே தகட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறைக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். கிட்டார்களின் ஒலியும் குழுவுக்குக் குழு மாறும் என்றாலும், வாசகரின் கேள்வி குரலைப் பற்றியது. அதற்கான விடை தொண்டையில் இருக்கிறது.

நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். அந்த நாண்களுக்குச் சற்று மேலே இன்னோர் இணை மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். பேசும்போது ஒதுங்கியிருக்கும் இவை, இருமும்போதும் பளு தூக்கும்போதும் நெருங்கி மூடிக்கொள்ளும். தேர்ந்த அலறல் பாடகர்கள் இவற்றையும் சேர்த்து அதிரவிடுகிறார்கள். மெய்நாண்கள் நொடிக்கு 120 முறை அதிர, பொய்நாண்கள் இரண்டு அதிர்வுக்கு ஒருமுறை மட்டும் மூடினால், ஒலி 60 ஹெர்ட்ஸில் திரும்பத் திரும்ப நிகழ்ந்து ஓர் எண்மம் (ஆக்டேவ்) தாழ்ந்து கேட்கும். ரஷ்யாவின் துவா பகுதி நாட்டுப்புறப் பாடகர்களின் 'கார்கிரா' என்ற அடித்தொண்டைப் பாடல்முறை இத்தகையது. மெட்டல்கோர் அலறலில் இந்த ஒழுங்கும் குலைந்து, அதிர்வுகளுக்கிடையே இரைச்சல் நிரம்பிவிடுகிறது.

நான் மிகவும் ரசிப்பது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். குரல்நாண்களிலிருந்து உதடு வரையுள்ள பாதை, பிளஸ் ஒன் ஆய்வகத்தில் நீர் நிரப்பி இசைக்கவையைப் பிடித்துப் பார்த்த ஒத்ததிர்வுக் குழாயைப் போல, ஒரு முனை மூடிய காற்றுத் தம்பம். அதன் நீளம் 17.5 செ.மீ. என்றும், உள்ளே ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்றும் கொண்டால், ஒத்ததிர்வுகள், அதாவது குழாய் உரக்க ஒலிக்கச் செய்யும் அதிர்வெண்கள், 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் அமையும். இன்னொருவருக்குப் பாதை ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்து 16.5 ஆக இருந்தால், அவை ஏறத்தாழ 530, 1590, 2650 ஆகிவிடும். உண்மையான தொண்டை சீரான குழாய் அன்று. நாக்கின் பருமன், அண்ணத்தின் வளைவு, தாடையின் அகலம் எல்லாம் இந்த எண்களை ஆளுக்கு ஆள் நகர்த்தும். இந்த ஒத்ததிர்வு வரிசைதான் ஒரு குரலின் முகவரி.

இங்கேதான் வியப்பு. ஒருவர் 500 ஹெர்ட்ஸில் தூய சுரம் பாடினால், அவர் குரலில் 500, 1000, 1500 என்று இடைவெளி விட்டே அலைகள் இருக்கும். இடைப்பட்ட பகுதியில் தொண்டை என்ன செய்கிறது என்பதைக் காட்ட அங்கே ஒலியே இல்லை. அலறலோ எல்லா அதிர்வெண்களிலும் ஒலியைக் கொட்டுவதால், தொண்டைக்குழாய் தன் வடிவம் முழுவதையும் அதன்மேல் பதித்துவிடுகிறது. சுரம் இல்லாததால் அடையாளம் அழிவதில்லை, இன்னும் துலக்கமாகிறது. காதருகே யாராவது கிசுகிசுத்தாலும் ஆளைக் கண்டுகொள்கிறோமே, அங்கே குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. கிசுகிசுப்பாகவே 'ஆ', 'ஈ', 'ஊ' என்று சொல்லிப் பாருங்கள். வாயின் வடிவம் மட்டுமே மாறுகிறது, மூன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குரல் ஆய்வாளர்கள், லோர்னா ஷோர் குழுவின் பாடகர் வில் ராமோஸின் தொண்டைக்குள் கேமராவைச் செலுத்தி அவர் அலறுவதைப் பார்த்தார்கள். இத்தகைய ஆய்வுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள், பேசும்போதே பொய்நாண்கள் குறுக்கிட்டுக் குரல் கரகரத்துப்போகும் நோயாளிகளையும், நாள் முழுக்க வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிப்போகும் ஆசிரியர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மடிப்புகளைக் காயமின்றி இயக்குவது எப்படி என்ற அறிவு இவர்களுக்கும் தேவை; இதற்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மிளகுக் கஷாயம் குரல்நாண்களைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை மேடைக்கலைஞர்களிடமும் இருக்கிறது. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்வதால், குடிப்பது எதுவும் நாண்களைத் தொடுவதில்லை. ஆவி பிடித்தால் ஈரம் அங்கே சேரும்.

ஒரே பாடகர் இரு ஆட்களைப் போல ஒலிப்பதும் உண்டு. குரல்வளையைக் கீழே இறக்கினால் குழாய் நீள்கிறது. உதட்டைக் குவித்தால் இன்னும் நீள்கிறது. ஒத்ததிர்வுகள் அனைத்தும் தாழ்ந்து, பெரிய உடலிலிருந்து வரும் குரலாகக் கேட்கிறது. அந்தத் தகட்டை மறுபடி கேட்கும்போது, நீண்ட அலறலின் நடுவே உயிரெழுத்து 'ஆ'விலிருந்து 'ஓ'வுக்கு நழுவும் இடத்தைக் கவனியுங்கள். அந்த நொடியில் உதடு குவிவது காதுக்கே தெரியும்.