வெனிவெல் போத்தலும் ஏகார் தட்டும்

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அன்ரி போன மாதம் ஒரு ஜாம் போத்தல் நிறைய வெனிவெல் அவித்த தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "தம்பி, இதுக்குக் கிருமி சாகுமோ எண்டு உங்கட லாப்பில ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்." காலில் ஆறாத புண், சீனி வருத்தம் வேறு. டொக்டர் எழுதிய அன்ரிபயோட்டிக்கை இடையில் நிறுத்திவிட்டு இதால் கழுவுகிறாராம்.

வெனிவெல் வெறும் தண்ணீரல்ல. மரமஞ்சள் என்று நாம் சொல்லும் அந்தக் கொடியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பேர்பெரீன், ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற கிருமிகளை ஓரளவு அடக்கும். முல்லர்-ஹின்ரன் ஏகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெலி ஊற்றிய தட்டில், கிருமியைப் பஞ்சுக்குச்சியால் பூசி, சிறு குழி வெட்டிச் சாற்றை விட்டு, 35 பாகை செல்சியஸில் வைத்தால் மறுநாள் காலை குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். அதை மில்லிமீற்றரில் அளப்போம்.

அந்த வட்டத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். மாணவனாக இருந்தபோது மெதனோல் என்ற மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த சாறு ஒன்று அழகான வட்டம் போட்டது. மூன்று கிழமை கழித்துத்தான் வெறும் மெதனோலை ஒரு குழியில் விட்டுப் பார்த்தேன். அதே வட்டம்! தேசிக்காய்ப்புளி விட்டாலும் புளிப்பினால் வட்டம் வரும். அப்புறம், பெரிய வட்டம் என்றால் வீரியம் கூட என்றும் இல்லை. எண்ணெய்த்தன்மையான பொருள் ஏகாரில் சரியாகப் பரவாது.

அதனால் சாற்றைப் பாதி பாதியாக ஐதாக்கி, எந்த அளவுவரை கிருமியை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக்கென வைத்திருக்கும் ஈ. கோலை என்ற குடற்கிருமி வகையை ஜென்ரமைசின் என்ற அன்ரிபயோட்டிக் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குள் நிறுத்திவிடும். சுத்திகரிக்காத மூலிகைச் சாறுகளுக்குப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேண்டும், ஆயிரம் மடங்கு. அவ்வளவையும் மனிதத் தசை தாங்குமா என்பது வேறு பரிசோதனை.

சாறு எடுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. மலேரியாவுக்கான மூலிகை மருந்தான ஆர்ட்டெமிசினின் சூட்டில் கெட்டுவிடும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்த சீன விஞ்ஞானி து யூயூவுக்குத்தான் 2015இல் நோபல் பரிசு.

சரி, அன்ரியின் போத்தல். அவித்து மூன்று நாள் மேசையில் இருந்ததாம். ஒரு துளியை வெறும் ஏகாரில் தடவினேன். மறுநாள் வட்டமில்லை, தட்டு முழுக்க வெண்புள்ளிகள், போத்தலிலேயே வளர்ந்த கிருமிகள். போனில் படமெடுத்துக் காட்டினேன்.

உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப ஒவ்வொரு நாளும் புதுசா அவிச்சா?" என்றார். கிளினிக் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, ஓட்டோ பிடித்தேன்.