பிரசிடெண்ட்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘பிரசிடெண்ட் வந்துட்டாரா?’ என்று யாராவது கேட்டால் அவர் டெல்லியில் இருப்பவரைக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொல்லக்கூடிய ஊராட்சித் தலைவரைத்தான் கேட்கிறார். நாட்டின் முதல் குடிமகனுக்கும் ஒரு சிற்றூரின் தலைவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘பிரே’ என்றால் முன்னே, ‘செதேரே’ என்றால் அமர்தல். அவையில் முன்னே அமர்ந்து கூட்டத்தை நடத்துபவர் என்பதே மூலப்பொருள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் வெளியான புகைப்படத்தை இந்தப் பொருளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அதே கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பதவியின் பெயரிலேயே இருக்கை இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்காதது சட்டத்துக்கும் அறத்துக்கும் செய்த அவமதிப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாட்டின் பதவிக்கு ‘குடியரசுத் தலைவர்’. ‘ஜனாதிபதி’ என்ற வடசொல்லும் நம்மிடையே இருக்கிறது, இலங்கைத் தமிழில் அதுதான் வழக்கு. ஆனால் அதிபதி என்றால் ஆள்பவர், உடைமையாளர். ‘குடியரசுத் தலைவர்’ குடிமக்களின் அரசை முன்னால் வைக்கிறது, அதனால் எனக்கு அதுவே பிடிக்கும். ஊர்ப் பதவிக்கு ‘ஊராட்சி மன்றத் தலைவர்’. ‘கிராமத் தலைவர்’ என்று எழுதினால் துல்லியம் குறைகிறது, ஏனென்றால் ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் இருக்கலாம். ‘நாட்டாமை’ என்று எழுதவே கூடாது. நாட்டாமை வழக்கத்தால் வருவது, தலைவர் வாக்கால் வருபவர். ஊரின் வரி வசூலைப் பார்த்த மணியக்காரரும் கணக்கைப் பார்த்த கர்ணமும்கூட பரம்பரையாக வந்த பதவிகள்தான். 1980-இல் தமிழக அரசு அந்த முறையை ஒழித்துவிட்டது.

இரண்டு தலைவர்களும் தேர்வாகும் விதத்தை ஒப்பிட்டால் ஊர்த் தலைவர்தான் மக்களுக்கு நெருக்கமானவர். குடியரசுத் தலைவருக்கு நாம் யாரும் நேரடியாக வாக்களிப்பதில்லை. நாடாளுமன்றம், சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். வயது 35 நிறைந்திருக்க வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு 21 போதும். ஊரே வாக்களிக்கிறது, அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். பக்கத்துத் தெருக்காரரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர் சரியில்லை என்றால் மறுநாள் காலையிலேயே வாசலில் நின்று கேட்கலாம்.

அப்படிப்பட்ட தேர்தலைத்தான் நாம் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். நாடாளுமன்றத் தேர்தல் சில மாதங்கள் தள்ளிப்போனால் நாடே கொதிக்கும். ஆனால் 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. ஐந்து ஆண்டு முடியும் முன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஆட்சி அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தது. அவர்களை ஊர்க்காரர்கள் வாக்குப் போட்டு மாற்ற முடியாது.

சென்னையிலும் இந்தச் சொல்லுக்குத் தடம் உண்டு. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் 2011 வரை தனித்தனி ஊராட்சிகள். அந்த ஆண்டு சில நகராட்சிகள், பேரூராட்சிகளோடு 25 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன, பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பிரசிடெண்ட் போய் கவுன்சிலர் வந்தார், அதாவது மாமன்ற உறுப்பினர். 200 வார்டுகளில் ஒன்றுக்கு அவர் உறுப்பினர், அவ்வளவுதான். முன்பு அந்த ஊருக்கென்று கையெழுத்துப் போடும் ஒரு தலைவர் இருந்தார்.

எழுதும்போது முதல் இடத்தில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று முழுதாகவும் அப்புறம் ‘தலைவர்’ என்றும் எழுதினால் போதும். இது இருபாலுக்கும் பொது, ‘தலைவி’ தேவையில்லை. பேச்சில் ‘பிரசிடெண்ட்’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தேர்வானவர் மனைவி, ‘பிரசிடெண்ட்’ என்று கூப்பிடப்படுபவர் கணவர் என்ற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்தப் பெயர் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தவருக்கு மட்டுமே உரியது.