லப்டொப்பின் விதைநெல்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருந்தார்: “2019 இல் வாங்கிய லப்டொப். விண்டோஸ் 10 க்கு இனி ஆதரவு இல்லை என்கிறார்கள். 11 போடலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். ‘எல்லாத்தையும் அழிச்சிப்போட்டுப் புதுசா அடிச்சுத் தாறன் டீச்சர்’ என்றார் அங்கிருந்த தம்பி. ஆனால் டிஸ்க்கில் ‘ரிகவரி’ என்ற பெயரில் 14 ஜீபி தனியாகக் கிடக்கிறது. அதை அழித்தால் எனக்கு என்ன போகும்? அதை வைத்துக்கொண்டே 11 க்குப் போக முடியாதா?”

போக முடியும், டீச்சர். அழிக்கவே தேவையில்லை. ஆனால் அந்த 14 ஜீபி எப்படி அங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. லப்டொப் நின்றுபோகாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள்தான் வழக்கம்போல வராது. 11 க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜீபி ரம், 64 ஜீபி இடம், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் ஆகியவை வேண்டும். 2019 இல் வாங்கிய லப்டொப்புகள் பல இதில் தேறிவிடும். சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இனி அந்த ரிகவரி. லப்டொப்பைச் செய்த நிறுவனம், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த விண்டோஸ், அந்த மாதிரியின் பாகங்களை இயக்கவென்றே எழுதிய டிரைவர் என்ற சின்ன நிரல்கள், சொந்த மென்பொருட்கள் எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டி டிஸ்க்கின் ஓர் ஓரத்தில் வைத்துவிடுகிறது. பெரும்பாலும் 10 இலிருந்து 20 ஜீபிக்குள் இருக்கும். எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் அடுத்த போகத்துக்கென்று விதைநெல்லைத் தனி மூட்டையில் கட்டி, வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் வைப்பார்களே, அதேதான். பயிர் முழுவதும் வெள்ளத்தில் போனாலும் அந்த மூட்டையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

ஆனால் இந்த மூட்டை ‘மை கொம்பியூட்டர்’ பக்கத்தில் தெரிவதில்லை. சி டிரைவ் தெரிகிறது, டி டிரைவ் தெரிகிறது, இது மட்டும் தெரியாது. ஏன்? பூட்டுப் போட்டிருக்கிறார்களா? இரகசிய எழுத்தில் எழுதியிருக்கிறார்களா? இரண்டும் இல்லை.

அம்பாறைப் பக்கம் ஒரு வட்டையில் நின்று பார்த்தால் வயல்களுக்கு நடுவே வரம்பு ஓடும். யாருடைய காணி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். டிஸ்க்கில் அப்படி வரம்பு எதுவும் கிடையாது. செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக, முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒரே வெளி. அதைப் பிரிப்பது தொடக்கத்தில் எழுதிவைத்த ஒரு சின்னப் பதிவேடு மட்டும்தான். நிலத்தில் வரம்பே இல்லாமல், உறுதிப்பத்திரத்தை மட்டும் நம்பி எல்லோரும் விதைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லப்டொப்புகளில் அந்தப் பதிவேடு டிஸ்க்கின் முதல் செக்டருக்குள்ளேயே அடங்கியது. மொத்தம் 512 பைட். முதல் 446 பைட் இயந்திரத்தைத் தொடக்கிவிடும் நிரலுக்கு. அடுத்து 64 பைட்டில் நான்கு உறுதிகள், ஒன்றுக்கு 16 பைட். கடைசி இரண்டு பைட் முத்திரை. ஒவ்வொரு உறுதியிலும் ஐந்தாவது பைட்தான் ‘இது என்ன வகைக் காணி’ என்று சொல்லும். அங்கே 07 என்று இருந்தால் விண்டோஸ் அதைச் சாதாரண டிரைவாக எடுத்து ஓர் எழுத்தும் கொடுத்துக் காட்டும். 27 என்று இருந்தால், ‘இது மீட்புக்கு வைத்தது’ என்று பேசாமல் தாண்டிப் போய்விடும்.

இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. 14 ஜீபி என்பது ஆயிரத்து நானூறு கோடி பைட்டுக்கு மேல். அவ்வளவையும் மறைத்து வைத்திருப்பது ஒரே ஒரு பைட்டா? வீட்டில் விண்டோஸ் 7 ஓடிய பழைய லப்டொப் ஒன்று இருந்தது. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் கொப்பி எடுத்துவிட்டு, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து, அந்தப் பகுதியின் 27 ஐ 07 ஆக்கி, ஓர் எழுத்தும் கொடுத்தேன். அடுத்த நொடி திரையில் புதிதாக ஒரு டிரைவ் வந்து நின்றது. உள்ளே பெரிய பெரிய கோப்புகள், நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நான் அந்த லப்டொப்பை வாங்கிய ஆண்டுக்கு முந்திய திகதிகள். அத்தனை வருடமும் என் கைக்குள்ளேயே இருந்தவை. திரும்ப 27 என்று எழுதினேன், டிரைவ் காணாமல் போய்விட்டது. ஒரு கோப்பும் நகரவில்லை. அன்றிரவு நாலைந்து முறையாவது மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன்.

இப்போதைய லப்டொப்புகளில் பதிவேடு பெரிதாகிவிட்டது. ஜிபிடி என்பார்கள். ஓர் உறுதிக்கு 128 பைட், வழக்கமாக 128 உறுதிகளுக்கு இடம். பதிவேட்டின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், ஒன்று பழுதானால் மற்றது சாட்சி. உறுதியின் முதல் 16 பைட் காணியின் வகை. அடுத்த 16 அந்தக் காணிக்கு மட்டுமே உரிய எண். பிறகு தொடங்கும் இடத்துக்கு 8, முடியும் இடத்துக்கு 8, விசேட நிபந்தனைகளுக்கு 8, மிச்சம் 72 பைட்டில் பெயர். ‘இதற்கு டிரைவ் எழுத்துக் கொடுக்காதே’ என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒரு பிட்தான்.

விண்டோஸ் மீட்புப் பகுதியின் வகை எண் ‘டிஇ94பிபிஏ4’ என்று தொடங்கும். ஆனால் டிஸ்க்கை நேரே பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் அது ‘ஏ4 பிபி 94 டிஇ’ என்று பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும். அந்த 16 பைட்டில் முதல் மூன்று துண்டுகளை இப்படித் திருப்பியும் மிச்சத்தை நேராகவும் எழுதுவது விதி. இந்த விதியை வைத்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பக்கத்து ஆட்கள் அழகான ஒரு வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஒரு வகைக் காணிக்கு 21686148 என்று தொடங்கும் எண். சும்மா பார்த்தால் வெறும் எண். டிஸ்க்கில் எழுதப்படும் வரிசையில் அந்த 16 பைட்டையும் ஆங்கில எழுத்தாக வாசித்தால் ‘ஹா! ஐ டோன்ட் நீட் இஎஃப்ஐ’ என்று வருகிறது. இஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை இல்லாமலே இயந்திரத்தைத் தொடக்க வைத்திருக்கும் காணி அது. தன் வேலையைத் தன் எண்ணுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கோடிக்கணக்கான பைட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் திருப்பிப் போட்டுச் செய்த வேலை.

‘மறைந்திருக்கும் ரிகவரிதான் லப்டொப்பை மெதுவாக்குகிறது, தூக்கிவிட்டால் பறக்கும்’ என்று கடைகளில் சொல்வதற்கு இப்போது பதில் சொல்லலாம். விண்டோஸ் தாண்டிப் போகும் காணியை அது வாசிப்பதே இல்லை. வாசிக்காத ஒன்று எப்படி வேகத்தைக் குறைக்கும்? 1000 ஜீபி டிஸ்க்கில் 14 ஜீபி என்பது நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. எஃப்5 ஐப் பத்துத் தரம் தட்டினால் மெஷின் ‘ரிஃப்ரெஷ்’ ஆகும் என்பதும் இதே சாதி நம்பிக்கைதான். அது திரையிலுள்ள பட்டியலைத் திரும்ப வரைகிறது, வேறொன்றும் இல்லை. கண்ணூறு கழிப்பதைக்கூட நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அதனால் டிஸ்க்குக்குச் சேதமில்லை. இந்த நம்பிக்கையால் விதைநெல் போகிறது.

அக்கரைப்பற்றில் என் தங்கச்சியின் லப்டொப்புக்கு அதுதான் நடந்தது. விண்டோஸ் அடிக்கக் கொடுத்தாள், எல்லாக் காணியையும் ஒன்றாக்கி ஒரே சி டிரைவாகத் திரும்பி வந்தது. திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. அந்த மாதிரிக்குரிய டிரைவரைத் தேடி இரண்டு வாரம் அலைந்தோம்.

இனி டீச்சரின் இரண்டாவது கேள்வி. 11 க்குப் போக இரண்டு வழி உண்டு. பென் டிரைவிலிருந்து தொடக்கி, காணிகளை அழித்து, வெறும் நிலத்தில் போடுவது ஒன்று. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து 11 இன் செட்டப்பை இயக்குவது மற்றது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது ஓடும்போது புதிய விண்டோஸ் முதலில் ஒரு மறைவான ஃபோல்டருக்குள் இறங்கும். பிறகு லப்டொப் மறுதொடக்கமாகி, ரம்மில் ஓடும் ஒரு குட்டி விண்டோஸுக்குள் போகும். சி டிரைவில் நின்றுகொண்டே சி டிரைவைப் பிரட்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. அங்கிருந்து பழைய விண்டோஸை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தும். நகர்த்துவது என்றால் தூக்கிச் சுமப்பது அல்ல, இங்கும் பதிவேட்டில் பெயர் மாறுகிறது, அவ்வளவுதான். 2013 இல் கல்லடியில் புதுப் பாலம் திறந்தபோது பழைய பாலத்தை இடிக்காமல் பக்கத்திலேயே விட்டார்கள் அல்லவா, அதைப்போலப் பழைய விண்டோஸ் வழக்கமாக 10 நாள் அங்கேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதற்குள் திரும்பி வரலாம்.

இந்த வழியில் தயாரிப்பாளரின் 14 ஜீபி தொடப்படுவதில்லை. ஆனால் அதற்குப் போகும் பாதை அறுந்துபோகலாம். லப்டொப்பைப் போட்டவுடன் எஃப்11, அல்லது ‘அல்ட்’ விசையோடு எஃப்10 என்று ஏதோ ஒரு விசையை அழுத்தி அங்கே போவீர்கள். அந்த விசை நேரே காணிக்குப் போவதில்லை, தொடக்கக் குறிப்பேட்டில் எழுதிய ஒரு முகவரியைப் பார்த்துத்தான் போகிறது. மேம்படுத்தும்போது விண்டோஸ் தன் மீட்புக் கருவியையும் புதுப்பித்து முகவரியை அதன் பக்கம் திருப்பிவிடும். அப்போது விதைநெல் அப்படியே இருக்க, களஞ்சியத்துக்குப் போகும் ஒழுங்கை மட்டும் அடைபட்டுவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 இலிருந்து ‘ரீசெட்’ என்பது இந்தப் பெரிய மூட்டையை எதிர்பார்ப்பதில்லை. சி டிரைவிலுள்ள தன் சொந்தக் கோப்புகளிலிருந்தே தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது. ஆகவே 11 க்குப் போன பின் ரீசெட் செய்தால் 11 தான் வரும். தயாரிப்பாளரின் மூட்டையை அவிழ்த்தால் 2019 இல் வாங்கிய அன்றிருந்த 10 வரும். முன்னது பயிரோடு சேர்ந்து வளர்வது, பின்னது முதல் நாளை அப்படியே வைத்திருப்பது. டிஸ்க்கே பழுதானால் இரண்டும் போகும்.

அதனால் தொடங்குமுன் மீட்புக்கென்று டிஸ்க்குக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். தேடும் இடத்தில் ‘ரிகவரி டிரைவ்’ என்று எழுதினால் வரும் கருவிக்கு 32 ஜீபி பென் டிரைவ் ஒன்று தாராளம். சிஸ்டம் கோப்புகளையும் சேர் என்ற பெட்டியில் சரி போட மறக்க வேண்டாம். இது விண்டோஸைத் திரும்பக் கட்ட உதவும். தயாரிப்பாளரின் மூட்டைக்கு ஈடான தொழிற்சாலைப் பிரதி வேண்டுமென்றால் நிறுவனத்தின் தளத்திலேயே கேட்கலாம். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் லப்டொப்பின் தொடர் இலக்கத்தையோ தயாரிப்பு இலக்கத்தையோ கொடுத்து இறக்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. பல ஜீபி இறங்கும், இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் போடுங்கள். டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

பாடசாலைக் கணினிகளுக்கும் இதைத்தான் கேட்கிறேன். இயந்திரம் வாங்க நிதி ஒதுக்கும்போதே பேணுவதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். இருபது கணினி உள்ள ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொரு கணினி மாதிரிக்கும் ஒரு பென் டிரைவ் என்பது பெரிய செலவே அல்ல. அது இல்லாததால் மூலையில் துணி மூடிக் கிடக்கும் கணினிகளைக் கல்முனையிலும் பார்த்திருக்கிறேன், வாழைச்சேனையிலும் பார்த்திருக்கிறேன்.

மேம்படுத்தி முடிந்தபின், காணிகளைக் காட்டும் டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்தால் புதிதாக இன்னொரு சின்ன ரிகவரி, சில நூறு எம்பி அளவில், சி டிரைவுக்குப் பின்னால் முளைத்திருக்கலாம். பழைய மீட்புப் பகுதியில் புதிய கருவிக்கு இடம் போதாவிட்டால் விண்டோஸ் சி டிரைவின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தனக்கொரு காணி எழுதிக்கொள்ளும். இந்த இடப் பற்றாக்குறை உண்மையான தொல்லைதான். 2024 ஜனவரியில் வந்த ஒரு திருத்தம் மீட்புப் பகுதியில் 250 எம்பி வெற்றிடம் கேட்டு, அது இல்லாத பல கணினிகளில் ஏறாமல் நின்றது.

ஆக, ஒன்றுக்கு மேற்பட்ட ரிகவரி தெரிந்தால் எதையும் உடனே அழிக்க வேண்டாம். கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘ரீஏஜென்ட்சி’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘இன்ஃபோ’ என்று கொடுங்கள். வரும் பதிலில் நீண்ட ஒரு முகவரிக்குள் ‘பார்டிஷன்’ என்ற சொல்லும் அதையொட்டி ஓர் எண்ணும் இருக்கும். விண்டோஸ் இப்போது எந்தக் காணியிலிருந்து தன்னை மீட்கும் என்று அந்த எண் சொல்லும். அது 4 என்றால் நாலாவது காணியைத் தொடவே கூடாது. 14 ஜீபி உள்ளதை, பென் டிரைவில் தொழிற்சாலைப் பிரதி இருக்கிறது, அதிலிருந்து லப்டொப் தொடங்குகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்க்கும் வரைக்கும் விட்டுவையுங்கள். கடைக்குத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் பார்டிஷன் எண்ணையும் 14 ஜீபி என்பதையும் ‘தொட வேண்டாம்’ என்று ஒரு துண்டில் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டிக் கொடுங்கள் டீச்சர்.