கேஷ்லெஸ்: கைக்காசின்றிச் செலுத்தல்

‘பணமில்லாப் பரிவர்த்தனைக்கு மாறுங்கள்’ என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அடிக்கடி கைக்கு வருகின்றன. வீட்டுச் சாமான் வாங்கும்போது அட்டையாலும் தொலைபேசியாலும் விலையைச் செலுத்தலாம் என்பதுதான் செய்தி. நல்ல செய்தி. ஆனால் தலைப்பே பிழை. இன்னும் எத்தனை தடவை இதைப் பொறுமையாக வாசிப்பது?

இந்தத் தலைப்புக்கு மூலமான கேஷ்லெஸ் என்ற ஆங்கிலச் சொல்லில், கேஷ் என்பது தாளாகவும் குற்றியாகவும் கையில் இருக்கும் பணம். லெஸ் என்பது இல்லாமை. இந்தக் கேஷ் நமது காசிலிருந்து போனது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியல்ல. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது இது. காசிலிருந்து போர்த்துக்கேயர் வாயிலாக ஆங்கிலத்துக்குப் போன கேஷ் வேறு. அது கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்தது.

பணமும் ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயர்தான். ஐரோப்பியர் அதை ‘ஃபனம்’ என்று எழுதினார்கள். இன்று அந்தப் பொருள் போய்விட்டது. வங்கியில் கிடப்பதும் பணம், கட்டாரிலிருந்து கணவன் அனுப்புவதும் பணம். காத்தான்குடிப் புடைவைக் கடையில் லங்கா கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குப் போவதும் பணமே. போகிற ஒன்றை இல்லை என்று எழுதுவது மொழிபெயர்ப்பா? பரிவர்த்தனை என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல். பணம் இல்லாத பரிவர்த்தனைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பண்டமாற்று. நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவிச் செல்லும் உமணப் பெண் ஒருத்தி அகநானூற்றில் வருகிறாள். அவள் செய்ததுதான் பணமில்லாப் பரிவர்த்தனை.

2016 நவம்பர் 8 அன்று இந்தியாவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு இந்தத் தொடர் அங்குள்ள ஊடகங்களில் நிறையப் புழங்கியது. அங்கேயே ‘ரொக்கமில்லா’ என்று திருத்தமாக எழுதியவர்களும் இருந்தார்கள். நம்மவர்கள் பிழையானதைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

கேஷ்லெஸ் பேமெண்டுக்கு ‘காசற்ற கொடுப்பனவு’ என்பது இலங்கையில் நம்மவர்களின் ஆக்கம். இதற்குச் சார்பாக ஒரு நியாயம் உண்டு. காசேடு, காசுப் பாய்ச்சல் என்று நமது கணக்கியல் பாடநூல்கள் காசைக் கேஷ் என்ற பொருளில் நெடுங்காலமாக ஆள்கின்றன. கடையில் காசாளர் “காசா, கார்டா அக்கா?” என்று கேட்கும்போதும் அதே பொருள்தான். ஆனால் அங்கே பக்கத்தில் கார்டு நிற்பதால்தான் காசின் பொருள் சுருங்குகிறது. தனியே நின்றால், கிழக்கில் காசு என்பது எல்லாப் பணமும். “அவர்களிடம் காசில்லை” என்றால் வறுமை என்றுதான் யாரும் விளங்கிக்கொள்வார்கள். போதாக்குறைக்குக் கொடுப்பனவு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் உதவித்தொகை என்ற பொருளும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு வருமா என்று பார்த்திருக்கும் பெண்ணிடம் ‘காசற்ற கொடுப்பனவு’ என்ற தாளை நீட்டினால் அவள் என்ன நினைப்பாள்? காசு வராத உதவித்தொகை என்றுதானே? அவளை எழுத்தறிவில்லாதவள் என்று சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். எழுதியதைத்தான் அவள் வாசித்தாள்.

தக்க சொல்லை அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “கையில் காசில்லை, கணக்கில் இருக்கிறது.” கேஷ் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது. கைக்காசு என்பது பழகிய சொல். சொந்தச் செலவு என்ற பொருளிலும் வரும் என்றாலும் இந்த இடத்தில் மயக்கம் தராது. எனவே கேஷ்லெஸ் பேமெண்ட் என்பதைக் கைக்காசின்றிச் செலுத்தல் என்று எழுதலாம். ரொக்கமும் பிழையில்லை, ஆனால் இங்கே வீட்டுப் பேச்சில் அது குறைவு.

வயர்லெஸ்ஸைக் கம்பியில்லாத் தந்தி என்றார்கள். அங்கே கம்பி உண்மையாகவே இல்லை. எது இல்லாமற் போகிறது என்று பார்க்காமல், லெஸ் கண்ட இடமெல்லாம் ‘அற்ற’ போடுவது சோம்பல். டெபிட் கார்டை ‘வரவட்டை’ என்று எழுதுவதும் இந்த வகைதான். கணக்கியலில் டெபிட் பக்கம் நமக்கு வரவு. ஆனால் வீட்டுக் கணக்கில் வரவென்றால் உள்ளே வந்த காசு. இந்த அட்டையோ காசை வெளியே அனுப்புவது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் மளிகைக் கடையில் சிறிது நேரம் நின்று கேட்கவேண்டும்.

அறிவித்தல் பலகைக்கு அருஞ்சொல் எதுவும் தேவையில்லை. ‘இங்கே அட்டையாலும் கியூஆராலும் செலுத்தலாம்’ என்று எழுதினால் போதும். அந்த வசதி இல்லாத மீன் கடையில் ‘கைக்காசு மட்டும்’ என்று எழுதட்டும்.