ரெஃபரெண்டம்: ஊரைக் கேட்டுச் சொல்கிறேன்

பிரெஞ்சில் ‘ரெஃபெரேந்தோம்’. இங்கே, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் தீவான ரெயூனியனில், தமிழ் பேசும் எங்களுக்கும் அந்த ஒலிதான் பழக்கம். எழுதும்போது மட்டும் பொதுவாக்கெடுப்பு என்கிறோம். மூலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் பொதுவும் இல்லை, வாக்கும் இல்லை. இலத்தீனில் ‘ஃபெர்ரெ’ என்றால் சுமத்தல். ‘ரெஃபெர்ரெ’ திருப்பிக் கொண்டுபோதல். ‘ரெஃபரெண்டம்’ திருப்பிக் கொண்டுபோக வேண்டிய விஷயம்.

எங்கிருந்து எங்கே? பழைய சுவிஸ் கூட்டமைப்பில் கான்டன்கள் எனப்படும் மாநிலங்கள் பொது அவை ஒன்றுக்குத் தூதர்களை அனுப்பின. தூதரிடம் ஊர் கொடுத்தனுப்பிய கட்டளை இருக்கும். அதில் இல்லாத விஷயம் அவையில் எழுந்தால் அவர் தலையாட்டிவிட முடியாது. ‘அட் ரெஃபரெண்டம்’, அதாவது ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஊர் திரும்ப வேண்டும். மாநிலங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த அவைக்குக் கடிவாளமாகத்தான் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. வாக்குப்பெட்டி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் அதிகாரபூர்வமாக வெளியான 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையெழுத்திட்டால், அந்தச் சட்டம் மக்களிடம் வந்தே தீரும். நேரடி மக்களாட்சிக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அது.

தமிழில் இதற்குச் சொற்கள் பல. இலங்கையில் சர்வசன வாக்கெடுப்பு, மக்கள் தீர்ப்பு. தனித்தமிழ் அன்பர்களிடம் குடியொப்பம். சிலர் கருத்துக்கணிப்பு என்று எழுதுகிறார்கள். அது பிழை, கணிப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. இன்னும் சிலர் உத்திரமேரூர்க் குடவோலையைத் துணைக்கு அழைக்கிறார்கள். பராந்தகன் காலத்து அந்த முறையில் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றை எடுத்தார்கள். அது திருவுளச்சீட்டு. பெருமைப்படுவதற்கு அதில் நிறைய இருக்கிறது, பொதுவாக்கெடுப்பு மட்டும் இல்லை.

குடியொப்பம் அழகான சொல். குடிகள் ஒப்பாமல் செல்லாது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒப்புதலை யார் தருவது? புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பது செல்லாது என்கிறது பிரெஞ்சு அரசியலமைப்பு. அதன்படி 1949இல், வங்காளத்தில் பிரெஞ்சு வசமிருந்த சந்திரநாகூரில் மக்களே வாக்களித்தார்கள். புதுச்சேரிக்கோ 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். முடிவு சரியா தவறா என்பது வேறு பேச்சு. சந்திரநாகூரில் நடந்தது பொதுவாக்கெடுப்பு. கீழூரில் நடந்தது பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு.

மக்கள் தீர்ப்பு என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்குக் காரணம் 2005இல் பிரான்சில் நடந்த பொதுவாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு ஒப்பந்தத்தின் 448 பிரிவுகளும் வாக்காளர் வீட்டுக்குத் தபாலில் வந்தன. மே 29 அன்று ‘வுய்’ (ஆம்) என்று ஒரு சீட்டு, ‘நோன்’ (இல்லை) என்று ஒரு சீட்டு. திரைக்குப் பின்னால் போய் ஒன்றை உறையில் இட்டு, கண்ணாடிபோல் தெரியும் பெட்டியில் போட்டதும் அதிகாரி ‘அ வோத்தே’, வாக்களித்தாயிற்று என்று உரக்கச் சொல்வார். பிரான்ஸ் 54.67 விழுக்காடு ‘நோன்’ என்றது. ரெயூனியனும் ‘நோன்’தான். மூன்று நாளில் நெதர்லாந்தும் மறுத்தது. பிறகு அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாக உருமாறி வந்தபோது, 2008 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றமே ஒப்புதல் கொடுத்துவிட்டது. அயர்லாந்து மட்டும் மக்களைக் கேட்டது. 2008இல் அவர்கள் மறுத்ததும், 2009இல் மறுபடி கேட்டு ஒப்புதல் வாங்கினார்கள். மேல்முறையீடு உள்ள தீர்ப்பு!

நாடுகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றியம் எங்களுக்கு ஏதோ தூரத்து விவகாரம் அல்ல. இறக்குமதிச் சரக்கின் மீது போடும் ‘ஒக்த்ருவா த மேர்’ என்ற கடல்வரியில், உள்ளூர்ப் பொருளுக்குச் சலுகை காட்ட உறுப்பு நாட்டு அமைச்சர்கள் அமரும் ஐரோப்பிய ஒன்றிய மன்றம் அனுமதி தர வேண்டும். இப்போதைய அனுமதி 2027 முடிவு வரை. எங்கள் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கரும்புக்கு இருந்த சர்க்கரை உற்பத்தி ஒதுக்கீடு 2017 செப்டம்பர் 30 அன்று முடிந்ததும் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் முடிவுதான். கரும்பு வெட்டுகிறவரிடம் யாரும் திருப்பிக் கொண்டுவந்து கேட்கவில்லை. கடல்கடந்த பகுதிகளுக்கென்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருந்த தனித் தொகுதியும் 2019 முதல் இல்லை. பிரான்ஸ் முழுவதும் ஒரே தொகுதி. ஒன்றியம் முழுவதற்குமான பொதுவாக்கெடுப்புக்கு ஒப்பந்தங்களில் இடமே கிடையாது.

இருப்பது 2012இல் நடைமுறைக்கு வந்த ஒரு கையெழுத்து ஏற்பாடு. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டால், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும்; சட்டம் கொண்டுவந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைக் குடிமக்கள் முன்னெடுப்பு என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். கோரிக்கை மேலே போகிறது, ஏற்பதும் தள்ளுவதும் மேலே இருப்பவர் விருப்பம். இதற்குத் தமிழில் மனு என்று பெயர்.