ஆச்சியின் முழங்காலும் அமேசான் தைலமும்

காரைக்குடி வீட்டில், பட்டாலைத் தூணில் சாய்ந்தபடி ஆச்சி ஒரு குட்டிப் பாட்டிலை நீட்டினார். "சிங்கப்பூர்ல இருந்து பேத்தி கொண்டாந்தா. முட்டி வலிக்கு நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விடணுமாம். விடலாமாப்பா?"

லேபிளில் 'கொபைபா' என்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். மரவாசம், அதன் பின்னாலேயே லேசாக மிளகு.

மிளகு பிரமையில்லை. அமேசான் காட்டில் கொபைபா மரத்தின் அடிமரத்தைத் துளைத்து, வடியும் பிசினைப் பிடித்துக்கொண்டு துளையை அடைத்துவிடுவார்கள். அதை நீராவியில் வடித்தால் ஆவியாகும் பகுதி தைலமாக வரும். கனமான பிசின் அமிலங்கள் அடியில் தங்கிவிடும். தைலத்தில் முக்கியமான சரக்கு பீட்டா-கேரியோஃபிலீன். மிளகிலும் கிராம்பிலும் இருப்பதும் இதுதான். ஆச்சியின் அஞ்சறைப்பெட்டியில் பல காலமாகக் குடியிருக்கிறது.

கஞ்சா வேலை செய்யும் ஏற்பிகளில் ஒன்றில்தான் இதுவும் வேலை செய்கிறது. ஏற்பி என்றால் செல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் இடம். கஞ்சாவின் போதை மூளையிலுள்ள சிபி1 ஏற்பிகள் வழியாக வருகிறது. பீட்டா-கேரியோஃபிலீன் அங்கே போவதில்லை. பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கும் சிபி2 ஏற்பியில் போய் ஒட்டுகிறது. அதனால் போதை இல்லை, வீக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகள் மட்டும் தணிகின்றன. 2008இல் வெளிவந்த ஆய்வில் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. சரி, எலிக்குக் குறைந்தது. மனிதரின் மூட்டுவலிக்கு அந்த அளவு உறுதி இன்னும் வரவில்லை.

உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் எனக்குத் தயக்கம். 19ஆம் நூற்றாண்டில் வெட்டை நோய்க்கு முழுப் பிசினையே குடிக்கக் கொடுத்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தட்டம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் தடிப்பு என்று பட்டவர்கள் பலர். வடித்த தைலம் அதைவிடச் சாது என்றாலும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கலப்படம் வேறு. நம்மவர்கள் கொண்டுவிற்கப் போன பர்மாவில் குர்ஜுன் என்ற மரப்பிசின் உண்டு, படகுக்குப் பூசுவார்கள். கொபைபாவில் அதைக் கலப்பது பழைய தந்திரம். மூக்குக்குப் பிடிபடாது. தைலத்தின் சரக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புச் சோதனையில், குர்ஜுனுக்கு அடையாளமான ஆல்ஃபா-குர்ஜுனீன் தூக்கலாகத் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நாக்கு வேண்டாம் என்றேன். ஒரு சின்ன ஸ்பூன் தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டோம். அரிப்பில்லை. அப்புறம்தான் முழங்காலுக்குத் தேய்த்தேன்.

"சுகமாத்தான் இருக்கு" என்றார் ஆச்சி. அதில் பாதி, கை தேய்த்த சூடாக இருக்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.